ஓநாய்த் தோலும் மனித மனமும்

"ஏன் தாத்தா, லூபின் சார் நல்ல வாத்தியார்தானே? அவர் ஏன் வேலையை விட்டுட்டுப் போகணும்?"

ஹாரி பாட்டர் வரிசையில் 1999இல் வெளிவந்த மூன்றாம் நாவலை முடித்த கையோடு என் பேத்தி கேட்ட கேள்வி இது. பௌர்ணமிதோறும் ஓநாயாக மாறும் ஆசிரியர் லூபின். ரகசியம் வெளிப்பட்டதும், பெற்றோர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று தாமே விலகிக்கொள்கிறார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் இவ்வகைக் கதைகளில் பழையவற்றைத் தேடிப் படிக்கவைத்தது. "பேய்க் கதைக்கெல்லாம் ஆராய்ச்சியா சார்?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

12ஆம் நூற்றாண்டில் மரி த பிரான்ஸ் என்னும் பெண் கவிஞர் பழைய பிரெஞ்சில் எழுதிய கதை 'பிஸ்க்லாவ்ரெ'. பிரிட்டனி நாட்டுப் பிரபு ஒருவன் வாரத்தில் மூன்று நாள் ஓநாயாகக் காட்டில் திரிகிறான். கழற்றி வைத்த உடை கிடைக்காவிட்டால் மனிதனாகத் திரும்ப முடியாது. மனைவி நச்சரித்து ரகசியத்தை அறிந்து, தன்னை விரும்பிய ஒருவனைக் கொண்டு உடையை எடுத்துவிட்டு, அவனையே மணந்துகொள்கிறாள். வேட்டைக்கு வந்த அரசனின் காலைப் பிடித்து ஓநாய் அடைக்கலம் கேட்கிறது. அதை அரண்மனைக்கு அழைத்துப்போய்ச் செல்லமாக வளர்க்கிறான் அரசன். கடைசியில் உண்மை தெரிந்து உடையைக் கொண்டுவந்து வைத்தால், ஓநாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! பலர் முன்னால் மாற வெட்கம். தனியறையில் விட்ட பிறகுதான் மனிதனாகிறான். விலங்குத் தோலுக்குள்ளும் மானம் இருக்கிறது என்பதை இதைவிட அழகாகச் சொல்லிவிட முடியுமா?

ஆனால் இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. ஓநாய் மனைவியின் மூக்கைக் கடித்துத் துண்டாக்குகிறது. அரசனோ அவளைத்தான் வதைத்து உண்மையை வரவழைக்கிறான். அவள் துரோகி, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் படுப்பவன் ஓநாய் என்று தெரிந்த பெண்ணின் பயத்துக்குக் கதையில் பெரிய மதிப்பில்லை. ஓநாய்க்குக் கிடைத்த கருணை அவளுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அமெரிக்க எழுத்தாளர் கை எண்டோர் 1933இல் எழுதிய 'பாரிஸின் ஓநாய் மனிதன்' ஒரு படி மேலே நிற்கிறது. நாயகன் பெர்த்ராந், தன்னை அடக்க முடியாமல் கொலை செய்கிறான். அவனைத் துரத்துபவர் அவனை வளர்த்த எமார். காலம் 1871, பாரிஸ் கம்யூன் எழுச்சி. அந்த மே மாதம் ஒரே வாரத்தில் அரசுப் படை பல ஆயிரம் பேரைக் கொன்றது. பிணைக்கைதிகளைக் கம்யூன் தரப்பும் சுட்டுக் கொன்றது. இத்தனை ரத்தத்துக்கு நடுவே ஒற்றை ஓநாயைத் தேடி அலைவதில் என்ன அர்த்தம் என்று எமாருக்கே சந்தேகம் வருகிறது. சீருடை போட்டுக் கொன்றவர்கள் வீரர்கள். தனியாகக் கொன்றவன் மட்டும் மிருகமா?

அதற்காக எண்டோர் பெர்த்ராந்தை மன்னித்துவிடவில்லை. அவன் கொன்றவர்கள் கொல்லப்பட்டவர்களே. சோஃபி என்ற பெண் தன் ரத்தத்தையே அவனுக்குக் கொடுத்துக் காதலிக்கிறாள். அந்தக் காதலும் அவனைக் காப்பாற்றவில்லை. சுமப்பவனின் பொறுப்பு, பார்ப்பவர்களின் நியாயம் ஆகிய இரண்டையும் இந்நாவல் ஒரே தராசில் நிறுத்துகிறது. இவ்வகைக் கதைகளில் தேறுவது எது, தேறாதது எது என்பதற்கு இதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

பேத்திக்குப் பிறகு சொன்னேன்: "லூபின் சார் அன்னிக்கு மருந்து குடிக்க மறந்துட்டார்ம்மா. அது அவர் தப்பு. ஆனா, மாசத்துல ஒரு ராத்திரியை வெச்சு மத்த நாளையெல்லாம் கணக்குப் போடறது ஊர் தப்பு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ ரெண்டு பேரும் திருந்தணும்," என்றாள்.

நான் பல நாள் படித்துத் தெரிந்துகொண்டதும் அவ்வளவுதான்.