இரட்சணிய யாத்திரிகத்தில் தெரிவும் விடுதலையும்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகத்தை ஆராய்ந்தோர் பலர், ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்னும் பட்டத்தோடு அமைதி கண்டுவிடுகின்றனர். அந்நூலின் சொல்லாட்சியும் ஓசைநயமும் ஆராயப்பட்ட அளவிற்கு, அது எழுப்பும் வினா ஆராயப்படவில்லை. மனிதன் தான் விரும்பியதைத் தெரிந்துகொள்ளும் உரிமையுடையவனாயின், அவன் ஏன் விடுவிக்கப்பட வேண்டும்? இவ்வினாவே யாத்திரிகனின் பயணத்தை இயக்குகின்றது.

1894இல் வெளிவந்த இக்காப்பியம், ஜோன் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையின் தழுவலாகும். அனுமதியின்றிப் போதித்தமைக்காகப் பன்யன் 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டிற் சிறையிருந்தார். போதிப்பதை நிறுத்துவதாக வாக்களித்திருப்பின் அவர் வெளியேறியிருக்கலாம், அவர் இசையவில்லை. உடல் நடமாடுவதே விடுதலையாயின் இம்மறுப்பு பேதைமையாகும். விடுதலைக்கு வேறொரு பொருளும் உண்டென்பதை அவர் வாழ்வே உரைக்கின்றது.

மூலக்கதையின் ஐயக்கோட்டை நிகழ்ச்சி இங்கு நோக்கற்பாலது. யாத்திரிகர் இருவர் கரடுமுரடான நேர்வழியை விட்டு, இனிய புல்வெளிப் பாதையைத் தெரிகின்றனர். எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. அத்தெரிவே அவர்களை நிராசை என்னும் அரக்கனின் சிறையிற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. பின்னர், ‘வாக்குறுதி’ என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை யாத்திரிகன் உணர்கின்றான். அத்திறவுகோல் அவனுக்குக் கொடுக்கப்பட்டது. ஆயினும் பூட்டிலிட்டுத் திருப்பியது அவன் கை. இறுதி இரும்பு வாயிலின் பூட்டு எளிதில் திறவாமையும் கருதத்தக்கது. அருளும் முயற்சியும் ஒன்றையொன்று விலக்காமல் நிற்கும் இடம் இதுவே.

தெரிவுரிமை வேறு, விடுதலை வேறு என அகுஸ்தீனார் வகுத்த வேறுபாடு இங்குத் துணைசெய்கின்றது. நன்மையை விரும்பியும் அதனைச் செய்ய இயலாது தவிக்கும் மனிதனைப் பவுல் உரோமர் நிருபத்திற் காட்டுகின்றார். அத்தகையோனுக்குத் தெரிவுகளின் எண்ணிக்கை பெருகுவதாற் பயனில்லை. விரும்பும் உள்ளமே விடுவிக்கப்பட வேண்டும். அவ்விடுதலையும் அன்பினால் பிறர்க்குப் பணி செய்யும்போதே நிறைவுறுகின்றது என்பது கலாத்தியர் நிருபத்தின் கருத்து.

இவ்வினா கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஓட்டமாவடியில், கத்ரை நம்புவது ஈமானின் கூறு என்றும், தன் செயலுக்கு மனிதனே பொறுப்பாளி என்றும் ஒருங்கே போதிக்கப்படுகின்றது. அவ்வூரின் புதிய பாலம் 2010இல் திறக்கப்படும் வரை, புகையிரதமும் ஏனைய வாகனங்களும் வாவியைக் கடக்கப் பழைய இரும்புப் பாலம் ஒன்றையே பயன்படுத்தின. தண்டவாளம் புகையிரதத்தைக் கட்டுப்படுத்துகின்றது. ஆயின் அஃதின்றேல் புகையிரதம் ஓரடியும் நகராது. கட்டுப்பாடெல்லாம் அடிமைத்தனமன்று என்பதற்கு இவ்வுவமை பொருந்தும். அதற்கப்பாற் பொருந்தாது. புகையிரதம் தன் பாதைக்கு இசைவதுமில்லை, மறுப்பதுமில்லை. யாத்திரிகன் இரண்டும் செய்ய வல்லவன். அவ்வாற்றலே அவன் பெருமையும் இடரும் ஆகும்.

கிருஷ்ணபிள்ளையின் சாதனை, பன்யன் சில வரிகளிற் கூறிய சிலுவைக் காட்சியை விரித்து, இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடியமையாகும். விடுதலை இலவசமாயினும் விலையற்றதன்று என்பதைத் தமிழ் வாசகன் அங்கு உணர்கின்றான். வைணவ மரபில் வளர்ந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவருக்குச் சரணாகதி என்னும் கருத்துப் புதியதன்று. தாயைத் தானே பற்றும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா ஆன்மாவுக்கு உவமை என வைணவர் நடத்திய வாதத்தின் பின்னணியில் அவர் நூலைப் படிப்பது பயன்தரும். குறையும் உண்டு. காப்பிய வருணனைகள் பெருகுமிடத்து, தெரிவதா விடுவதா என மனம் தத்தளிக்கும் கணம் மங்கிவிடுகின்றது. பன்யனின் எளிய உரைநடை அக்கணத்தைக் கூர்மையாகக் காட்டுகின்றது.

சமயங்கள் அருகருகே வாழும் நம் மண்ணில் இத்திறனாய்வுக்கு வேறொரு பயனும் உண்டு. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் இசைவுக்குப் பொருளில்லை. வற்புறுத்தப்பட்ட நம்பிக்கை நம்பிக்கையாகாது. ஆகவே தெரிவுரிமை காக்கப்பட வேண்டும். ஆயின் அது வாயிலேயன்றி வீடன்று. இதனை உணர்ந்து படிப்போர்க்கு இரட்சணிய யாத்திரிகம் ஒரு சமயத்தாரின் நூலாக மட்டும் நின்றுவிடாது.