மலாயாக் கெண்டி: சான்றும் விருப்பமும்

பழம்பொருள் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு தேநீர்க் கெண்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழுப்பு மெருகு, தடித்த உடல், குட்டை மூக்கு, அடியில் முத்திரை ஏதும் இல்லை. பக்கத்து அட்டையில், ‘மலாயாவில் குடியேறிய சீனக் குயவர்கள் வனைந்தது, நூறாண்டுப் பழமையானது’ என்று எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரிக்குள் மூன்று கூற்றுகள் உள்ளன. செய்தவர் சீனர் என்பது ஒன்று, செய்த இடம் மலாயா என்பது இரண்டு, வயது நூறு என்பது மூன்று. முதலாவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மற்ற இரண்டையும் ஏற்பதற்கு முன் ஒவ்வொரு சான்றும் எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்த்தாக வேண்டும்.

குடியேறிய குயவர்கள் கற்பனை அல்லர். தென்சீனத்துச் சாவ்சோ வட்டாரத்திலிருந்து வந்த தியோச்சியூ மக்கள் சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் டிராகன் சூளைகளைக் கட்டினார்கள். சரிவான நிலத்தில் நீளமாகப் படுத்திருக்கும் சூளை அது. அடிவாயில் தீ மூட்டி, தீ மேலேற மேலேறப் பக்கத்துத் துளைகள் வழியே விறகு போட்டுக்கொண்டே போவார்கள். 1940இல் எழுந்த தாவ் குவாங் சூளையும் 1958இல் எழுந்த குவான் ஹுவாட் சூளையும் இன்றும் நிற்கின்றன. ஜொகூரின் ஆயர் ஹீத்தாமிலும் சீனக் குயவர்கள் தொழில் நடத்தினார்கள். ஆகவே குயவர் வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கெண்டி அவர் கையால் ஆனதா என்பதே கேள்வி.

முதலில் முன்வைக்கப்படும் சான்று, கிடைத்த இடம். ‘இது ஜொகூரில் ஒரு பழைய வீட்டில் கிடைத்தது’ என்பார்கள். அது பயன்பட்ட இடத்தைத்தான் காட்டும், பிறந்த இடத்தை அல்ல. 1822இல் காஸ்பர் நீரிணையில் மூழ்கிய டெக் சிங் கப்பலிலிருந்து மூன்றரை லட்சம் அளவுக்குச் சீனப் பாண்டங்களை 1999இல் மேலே எடுத்தார்கள். ஜொகூரின் தெசாரு கடற்கரைக்கு அப்பால் மூழ்கிய 19ஆம் நூற்றாண்டுக் கப்பலில் சீனத்தின் யீஷிங் ஊர்த் தேநீர்க் கெண்டிகளும் சரக்காக வந்தன. உள்ளூர்ச் சூளைகள் புகை கக்குவதற்கு நெடுங்காலம் முன்பே சீனக் கெண்டி இந்தக் கடலில் மலிந்திருந்தது. அதனால் தொடக்கத்திலேயே தராசு இறக்குமதியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. உள்ளூர் என்று சொல்பவர்தான் அதை எதிர்ப்பக்கம் இழுக்கும் சான்றைக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, முத்திரை இல்லாமை. சீனத்திலிருந்து வந்திருந்தால் நாட்டின் பெயர் அடியில் இருக்குமே என்ற வாதம் அடிக்கடி கேட்கக் கிடைக்கிறது. இறக்குமதிப் பண்டத்தில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் வேண்டும் என்றது அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம். அது அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போன சரக்கைக் கட்டுப்படுத்தியது. தென்கிழக்காசியச் சீனர்களின் அன்றாடப் புழக்கத்துக்கு வந்த மலிவுப் பாண்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே முத்திரை இல்லாத அடிப்பாகம் இரு பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.

மூன்றாவது, வனைந்த முறை. இங்கேதான் பயிற்சியுள்ள கண்களும் தடுக்கி விழுகின்றன. யீஷிங் கெண்டி மண்ணைத் தகடாகத் தட்டி வளைத்துப் பொருத்தி ஆக்கப்படுவது. உள்ளே விரலை ஓட்டினால் பொருத்திய தடம் தென்படலாம். சாவ்சோ வட்டாரத்துக் கெண்டி சக்கரத்தில் வனைவது. உட்சுவரில் விரல் சுற்றிய வரிகள் படிந்திருக்கும். வரிகளைக் கண்டதும் ‘இது யீஷிங் அல்ல, ஆகவே இங்கே செய்தது’ என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. இந்தத் தாவலுக்கு நியாயம் இல்லை. சாவ்சோவிலேயே இருந்துவிட்ட குயவரும் கப்பலேறிய குயவரும் ஒரே கைப்பழக்கத்தில் வளர்ந்தவர்கள். கைவாகு குயவரின் சொந்த ஊரைச் சொல்லும். அவர் குடியேறிய ஊரைச் சொல்லாது.

நான்காவது, மெருகு. விறகுச் சாம்பலும் மண்ணும் கலந்த பூச்சு எந்த மரத்தை எரித்தார்கள் என்பதற்கேற்ப நிறம் மாறும் என்பது உண்மை. ஆனால் ஒரே சூளையில், ஒரே நாளில், தீவாய்க்கு அருகே வைத்த பாண்டமும் மேல்முனையில் வைத்த பாண்டமும் வேறு வேறு நிறத்தில் வெளிவரும். பழுப்பின் ஆழத்தைக் கண்ணால் அளந்து ஊர் சொல்வது துணிச்சலே தவிர, அறிதல் ஆகாது. குவாங்டோங் மாநிலத்து ஷிவான் சூளைகளும் இதே பழுப்பை ஏராளமாக ஏற்றுமதி செய்தவை.

மிஞ்சுவது களிமண். ஐந்து சான்றுகளில் இடத்தை உண்மையாகச் சுட்ட வல்லது இதுதான். பாறை சிதைந்து மண்ணான வரலாறு ஊருக்கு ஊர் வேறுபடும். மெருகு படாத அடிவளையத்தில் ஊடுகதிர் ஒளிர்வுச் சோதனை செய்தால், பாண்டத்தைச் சிதைக்காமலேயே இரும்பு, டைட்டானியம், பொட்டாசியம் போன்றவற்றின் விகிதம் தெரிந்துவிடும். ஆனால் எண்கள் தனியாக நின்று ஊர் பெயரைச் சொல்ல மாட்டா. ‘இது ஜூரோங் மண்’ என்று சொல்ல, ஐயமற ஜூரோங்கில் சுட்ட பாண்டம் ஒன்று பக்கத்தில் வேண்டும். அந்த அளவுகோல் எங்கே?

அது ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. 1896இல் மலாக்காவில் தான் சே யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மலாயா முழுவதும் பரவியது. முதலில் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்த பாலைப் பிறகு சுட்டமண் கிண்ணத்தில் பிடித்தார்கள். மரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கிண்ணம் தேவைப்பட்டது. அதை ஈடுகட்டியவை சீனக் குயவர்களின் டிராகன் சூளைகள். தோட்டத்துத் தமிழர் அதை மங்கு என்றார்கள். விடியுமுன் பட்டை சீவி, மங்கைத் துடைத்து மாட்டி, வெயில் ஏறியதும் பாலைச் சேகரித்த தமிழ்ப் பெண்களின் கையில் தியோச்சியூ குயவரின் கைவேலை தினமும் இருந்தது. இரு குடியேறிகளின் உழைப்பும் அந்தச் சிறு கிண்ணத்தில் சந்தித்தன.

பழம்பொருள் சந்தை மங்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை. திறனாய்வுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சூளையைச் சுற்றிக் கிடக்கும் மங்கு உடைசல்கள், கோணலாகச் சுட்டு எறியப்பட்டவை, ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை ஆகியவற்றை விலைகொடுத்து யாரும் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அவை அங்கேயே பிறந்து அங்கேயே வீணானவை. கெண்டியின் மண் இந்த உடைசல்களின் மண்ணோடு பொருந்தி, சாவ்சோ, ஷிவான் மாதிரிகளோடு பொருந்தாமல் விலகினால், ‘மலாயா’ என்ற சொல்லுக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். பொருந்தாவிட்டால் எவ்வளவு அழகான கதையானாலும் அட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

வயதுக் கூற்று இதைவிட வலுக்குறைந்தது. வெப்ப ஒளிர்வுச் சோதனை கடைசியாகச் சுட்ட காலத்தைத் தோராயமாகச் சொல்லும். இவ்வளவு இளம் பாண்டத்தில் சில பத்தாண்டுகள் முன்பின்னாகத்தான் சொல்ல முடியும், இடத்தைச் சொல்லவே முடியாது. 1940இல் கட்டிய சூளையில் சுட்ட எதற்கும் இன்னும் நூறு வயது ஆகவில்லை. அதற்கு முன்பும் இங்கே சூளைகள் இருந்தன. ஆனாலும் குறிப்பிட்ட சூளையைச் சுட்டாமல் ‘நூறாண்டு’ என்று எழுதுவது விலையை உயர்த்தும் சொல்லாகத்தான் நிற்கும்.

சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வேறு இரண்டு ஊர்கள் வழிகாட்டுகின்றன. ஜப்பானின் டோக்கோனாமேக்கு 1878இல் யீஷிங் முறையைக் கற்பிக்கச் சீனரான ஜின் ஷிஹெங் வரவழைக்கப்பட்டார். பெயர், ஆண்டு, அழைத்த கோயே குடும்பம், கற்ற மாணவர் சுகியே ஜுமோன் என எல்லாம் பதிவில் உள்ளன. அந்த ஊருக்குத் தகடு தட்டும் முறை புதிதாக வந்ததால், அங்கே கைவாகும் சான்றாகப் பேசுகிறது. அங்கேகூட அவர் பெயர் பொறித்த கெண்டியெல்லாம் அவருடையது ஆகிவிடாது. பெயரைப் பொறிப்பது கையைப் பழக்குவதைவிட எளிது. வியட்நாமின் சோலோனில் கை மாய் எனப்படும் பாண்டங்களுக்கு அடித்தளம் இன்னும் உறுதியானது. சீனக் கோயில் கூரைமேட்டுச் சுடுமண் உருவ வரிசைகளில் சூளையின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. தியென் ஹாவ் கோயிலின் வரிசை 1908ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பழைய சூளை மேடு ஒன்றும் அகழப்பட்டிருக்கிறது. பெயரும் ஆண்டும் சூளை மேடும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் இடத்தில்தான் தீர்ப்புக்குத் தெம்பு வருகிறது. அலமாரிக் கெண்டிக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எதிர்வாதம் ஒன்று மதிக்கத் தக்கது. தேநீரை உயிராக மதிக்கும் தியோச்சியூ குயவர்கள், மண்ணும் சக்கரமும் தீயும் கையிலிருக்க, தமக்கென ஒரு கெண்டிகூட வனையாமலா இருந்திருப்பார்கள்? வனைந்திருப்பார்கள் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் ‘சில கெண்டிகள் இங்கே பிறந்திருக்கும்’ என்பதும் ‘இந்தக் கெண்டி இங்கே பிறந்தது’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். முன்னதை வைத்துப் பின்னதை விற்பது முறையல்ல.

என் தீர்ப்பு இது. முத்திரையும் சூளைத் தொடர்பும் மண் ஒப்பீடும் இல்லாத பழுப்புக் கெண்டியை ‘தென்சீனம், கடல்கடந்த சீனர் புழக்கத்துக்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை’ என்று குறிக்க வேண்டும். மங்கு உடைசலோடு மண் பொருந்தினால் ‘மலாயாவாகலாம்’ என்று எழுதலாம். அதே வடிவத்தில் உடைந்த மூக்கோ மூடியோ ஒரு சூளைக் கழிவில் கிடைத்தால் ‘ஆகலாம்’ என்பதை எடுத்துவிடலாம். இந்தக் கண்டிப்பு குடியேறிய குயவரின் புகழைக் குறைக்காது. அவர்கள் செய்யாத கெண்டியை அவர்கள் பெயரில் ஏற்றுவதுதான், அவர்கள் உண்மையாகச் செய்த மங்கையும் தண்ணீர்ச் சாடியையும் பூந்தொட்டியையும் மதிப்பற்றவை ஆக்குகிறது. அருங்காட்சியகங்கள் மங்கு உடைசல்களைச் சூளைவாரியாகச் சேர்த்து, மண்ணைச் சோதித்து, முடிவுகளை எவரும் பார்க்க வைக்கட்டும். கெண்டியைப் பற்றிய வழக்கை அந்த உடைசல்களைக் கொண்டு மட்டுமே தீர்க்க முடியும்.