ஐந்தாவது இடம்

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று நன்னூல் விதிக்கிறது. எத்தனை துறைகளில் கரை கண்டவனாக இருந்தாலும் சரி, இதுவரை இல்லாத நூலையே படைத்தவனாக இருந்தாலும் சரி, தன் பெருமையைத் தன் வாயால் பேசலாகாது. 13-ஆம் நூற்றாண்டில் இதைச் சொன்ன பவணந்தி முனிவர் அடியோடு இரக்கமில்லாதவர் அல்லர். புலவனுக்கு நான்கு இடங்களில் விலக்கு அளிக்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய சமயத்தில், எதிரி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கிலும் தற்புகழ்ச்சி குற்றமில்லை.

இந்தப் பட்டியலைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். அரசன் இருக்கிறான், எதிரி இருக்கிறான், அறியாதவன் இருக்கிறான். சிநேகிதனைக் காணோமே! நமக்கு ஒரு நல்லது நடந்தால் முதலில் நாம் ஓடுவது சிநேகிதன் வீட்டுத் திண்ணைக்குத்தானே? அங்கே வாயைத் திறக்கலாமா, கூடாதா?

திருக்குறளைப் புரட்டினாலும் இதற்கு நேரான பதில் கிடைப்பதில்லை. நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் நம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும் குறள், உடை நழுவும்போது உதவப் பாயும் கையைப் பற்றியது. துன்ப காலத்து நட்பைச் சொல்வது. சிநேகிதன் துன்பப்படும்போது உதவுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. அவன் ஜயித்துவிட்டு வரும்போது முகம் மலர்கிறவர்கள் எத்தனை பேர்? பொறாமையைப் பற்றி வள்ளுவர் அறத்துப்பாலில் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அதை நட்பு அதிகாரங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்குப் பதில் கிடைத்த இடம் கம்பராமாயணம். சுந்தரகாண்டத்தின் கடைசிப் பகுதியான திருவடி தொழுத படலத்தைச் சொல்கிறேன்.

அனுமன் இலங்கையிலிருந்து திரும்பி, காத்திருக்கும் தோழர்களிடம் வந்து சேருகிறான். சிலர் அழுகிறார்கள், சிலர் ஆர்ப்பரிக்கிறார்கள், சிலர் துள்ளிக் குதிக்கிறார்கள், சிலர் அவனைத் தூக்கிச் சுமக்கிறார்கள். தேனும் கிழங்கும் காயும் தேடி எடுத்து வைத்திருக்கிறோம், சாப்பிட்டு இளைப்பாறு என்கிறார்கள். விஷயம் என்ன என்று அவர்கள் துளைத்தெடுக்கவில்லை. உன் முகமே எங்களுக்குச் சேதி சொல்லிவிட்டது என்கிறார்கள். பிறகு அவன் உடம்பில் உள்ள காயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

அனுமன் சீதையின் தவத்தைச் சொல்கிறான். அவள் தந்த அடையாளத்தைப் பற்றிச் சொல்கிறான். ஆனால் அரக்கர்களோடு தான் போரிட்டதையும் ஊருக்குத் தீயிட்டு மீண்டதையும் சொல்லவில்லை. தன் வெற்றியைத் தானே உரைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது என்கிறார் கம்பர்.

மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அடக்கத்துக்கு அனுமன் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆனால் கம்பர் அங்கே நிறுத்தவில்லை. அடுத்த பாட்டில் பேசுகிறவர்கள் தோழர்கள். நீ போரிட்டதை உன் புண்களே சொல்லிவிட்டன. வென்றதை நீ திரும்பி வந்த விதம் சொல்லிவிட்டது. ஊரை எரித்ததை அதோ எழும் புகை சொல்லிவிட்டது. பகைவரின் வலிமையை, தேவி உன்னோடு வராததே காட்டிவிட்டது என்கிறார்கள். அவன் விழுங்கிய வார்த்தைகளை ஒன்று விடாமல் அவர்கள் எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

வான்மீகத்தில் இது வேறு விதம். அங்கே ஜாம்பவான், நடந்ததை எல்லாம் முழுக்கச் சொல் என்று கேட்கிறார். அனுமன் கடலைத் தாண்டியதிலிருந்து இலங்கையை எரித்தது வரை விஸ்தாரமாகச் சொல்கிறான். கம்பனின் அனுமன் உயர்ந்தவன், வால்மீகியின் அனுமன் ஒரு படி குறைந்தவன் என்று தராசு பிடிக்கிற விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓரிடத்தில் தோழர்கள் கேட்டார்கள், அவன் சொன்னான். இன்னோரிடத்தில் அவன் சொல்லவில்லை, தோழர்களே கண்டுகொண்டார்கள். இரண்டு கவிகளும் அனுமனுக்குக் கொடுத்த பாக்கியம் ஒன்றுதான்: கேட்கத் தெரிந்த சிநேகிதர்கள். அடக்கம் ஒருவன் மட்டும் கடைப்பிடிக்கிற குணம் என்று நாம் நினைக்கிறோம். புண்ணைப் பார்க்கக் கண் இல்லாதவர்கள் நடுவே அனுமன் வெட்கப்பட்டு நின்றிருந்தால், அவன் செய்தது யாருக்குத் தெரிந்திருக்கும்?

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் எழுதவில்லை. பல வருஷங்களுக்கு முன் என் முதல் கதை ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. அடக்கம் என்று நினைத்துக்கொண்டு பால்ய சிநேகிதனிடம்கூட நான் சொல்லவில்லை. அவன் முடிதிருத்தும் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். "ஏண்டா, நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது, சரி. நான் சொல்லலாமே! எனக்கு ஏன் அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை?" என்றான். கோபம்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் நன்னூலின் இன்னொரு சூத்திரம் நினைவுக்கு வந்தது. ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதும் உரிமை ஆசிரியனுக்கும், மாணாக்கனுக்கும், உரைகாரனுக்கும் உண்டு என்ற முனிவர், கூடப் படித்தவனுக்கும் உண்டு என்கிறார். முனிவர் சிநேகிதனை மறக்கவில்லை. நான்தான் அவனைத் தவறான பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். சில வருஷம் கழித்து அதே சிநேகிதன், மூன்று தடவை தவறிய இலாகாப் பரீட்சையில் நான்காம் தடவை தேறினான். சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தான். அன்று காலைதான் என் நாவல் ஒன்று பிரசுரத்துக்கு ஏற்றதல்ல என்று திரும்பி வந்திருந்தது. அவன் சொல்லச் சொல்ல நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "இதனால் சம்பளம் எவ்வளவு கூடும்?" என்று கேட்டேன்.

"முப்பது ரூபாய்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நாலு வருஷம் அவன் ராத்திரி இரண்டு மணி வரை விளக்கடியில் உட்கார்ந்து படித்தது எனக்குத் தெரியும். கண்ணுக்கு அடியில் கறுத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அவை அவனுடைய புண்கள். வானரங்களுக்குத் தெரிந்த பாஷை, புத்தகம் எழுதுகிற எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் அவன் வந்தான், போனான். கஷ்டங்களைச் சொன்னான், கடன் கேட்டான், கடன் கொடுத்தான். ஆனால் நல்ல சேதி எதையும் என்னிடம் முதலில் கொண்டுவரவில்லை. பெண்ணுக்கு வரன் நிச்சயமானதைக்கூட அச்சடித்த பத்திரிகையில்தான் பார்த்தேன்.

சென்ற மாதம் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. முழங்கால் வலி, மழையில்லாத கவலை எல்லாம் எழுதி, ஓரத்தில் நெருக்கி ஒரு வரி சேர்த்திருந்தான்: ஓய்வு பெற்ற வருஷம் கொல்லையில் நட்ட பலா இந்த வருஷம் முதல் காய் விட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதலாமா வேண்டாமா என்று அவன் எவ்வளவு நேரம் யோசித்திருப்பான் என்பது, எழுத்தின் நெருக்கத்திலேயே தெரிந்தது.

மறுநாள் பஸ் ஏறினேன். வாசலில் என்னைக் கண்டதும், "என்ன விசேஷம்?" என்று திகைத்தான். நேரே கொல்லைக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன்.

"எங்கே, ஆதியோடு அந்தமாகச் சொல்லு" என்றேன். ஜாம்பவான் கேட்ட கேள்விதான்.

அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "குழி வெட்டினபோதே பாறை தட்டிற்று" என்று ஆரம்பித்தான். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.