மனிதர் இல்லாத யுத்தக் கதை

இத்தாலியத் தளபதி ஜூலியோ தூஹே 1921இல் ஆகாய ஆதிக்கத்தைப் பற்றி எழுதிய நூலை யுத்த சாஸ்திரம் என்பார்கள். அவர் மறைந்தபின் 1930இல் வெளியான வருங்கால யுத்தமோ அப்பட்டமான கதை. ஜெர்மனியின் குண்டு விமானங்கள் கிளம்புகின்றன. சில நாட்களில் பிரான்சும் பெல்ஜியமும் பணிந்துவிடுகின்றன. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரே ஆட்சேபணைதான்: இதில் ஊர்கள் எரிகின்றன, ஊரில் குடித்தனக்காரர் யாரும் இல்லை.

பயத்தைப் பற்றி அவர் எழுதியது பொய்யல்ல. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். சென்னையில் ஒன்றும் விழவில்லை. ஆனாலும் பட்டணம் காலியாயிற்று. சர்க்கார் ஆபீஸ்களே உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. மிருகக்காட்சி சாலையில் அபாயமான மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள், பாவம். ஒரு குண்டும் செலவாகாமல் இத்தனை!

அப்புறம்? போனவர்கள் திரும்பி வந்தார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் நிஜமாகவே குண்டு போட்டது. யாரும் சரணடையவில்லை. நான் குடியிருக்கும் ஆவடி அந்த யுத்தத்தில்தான் ராணுவக் கிடங்காக வளர்ந்தது. ஜனங்கள் வீடு திரும்பும் இந்த அத்தியாயத்தைத் தூஹே எழுதவே இல்லை.

அவருடைய தேசத்தின் கதி இன்னும் விசித்திரம். பியாஜியோ பி.108 என்ற நான்கு எஞ்சின் குண்டு விமானத்துக்குச் செலவும் உழைப்பும் ஏராளம். குண்டு வீசும் ரகத்தில் இத்தாலியால் செய்ய முடிந்தது சுமார் இரண்டு டஜன். 1941 ஆகஸ்டு 7இல் பீசாவில் ஒன்று விழுந்து, முசோலினியின் மகன் புரூனோ இறந்தான். மற்றவை 1942இல் ஜிப்ரால்டர் வரை போய்க் குண்டு வீசின. ஜிப்ரால்டர் பிரிட்டிஷார் கையிலேயே இருந்தது.