கோப்புகளுக்கு ஒரு நல்ல சிறை

இலங்கைப் பல்கலைக்கழகங்களை ஒரே வலையமைப்பில் பிணைக்கும் 'லேர்ன்', கண்டிக்கு அருகே பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்குகிறது. இப்படிப்பட்ட இடங்களில் யாரும் கைதட்டாத ஒரு வேலை உண்டு: லினக்ஸ் சேர்வரில் கோப்புப் பரிமாற்றச் சேவையை அமைப்பது.

இத்தகைய பரிமாற்றத்துக்கான பழைய நெறிமுறையான எஃப்டிபியின் முதல் வரையறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷன், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். ஆனால் அந்த முறையில் கடவுச்சொல் தபாலட்டைச் செய்திபோல் வழியில் எவரும் வாசிக்கும்படி பயணிக்கும். அதனால்தான் இன்று, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி. பாதுகாப்பான தொலை இணைப்புக்கான எஸ்எஸ்எச் ஓடும் சேர்வரில் இதற்குப் பெரும்பாலும் தனி மென்பொருளே வேண்டாம். 22ஆம் போர்ட் போதும்.

கைவண்ணம் தெரிவது, பயனரை அவருடைய கோப்புறைக்குள்ளேயே அடைக்கும் 'சிரூட்' அமைப்பில். கட்டமைப்புக் கோப்பில் சில வரிகள்தான். நிபந்தனையோ கறாரானது: அடைக்கும் கோப்புறையும் அதற்கு மேலுள்ளவையும் தலைமை நிர்வாகிக் கணக்கான ரூட்டின் பெயரில் இருக்க வேண்டும், வேறு எவருக்கும் எழுதும் அனுமதி கூடாது. அனுமதி எண் 755 என்றால் சரி. குழுவுக்கும் எழுத இடம் தரும் 775 என்று போட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் இணைப்பு உடனே அறுந்துவிடும். காரணம் சேர்வரின் பதிவேட்டில் மட்டும் இருக்கும். (புதியவர்கள் திண்டாடுவது இங்கேதான்.) அப்படியானால் பயனர் எங்கே பதிவேற்றுவார்? உள்ளே இன்னொரு கோப்புறை திறந்து, அதை மட்டும் அவர் பெயருக்கு எழுதிக்கொடுப்பார்கள்.

எளிமையான, நேர்த்தியான ஏற்பாடு.

நீங்களும் அமைப்பதானால், புதிய இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும்வரை ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடிவிடாதீர்கள்.