நிறம் இழந்த விடியல்

திரைப்படக் கலை தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1995-ஆம் ஆண்டில், சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 45 திரைப்படங்களைத் தெரிந்தெடுத்து ஒரு பட்டியலை வெளியிட்டது. சமயம், விழுமியங்கள், கலை என மூன்று பிரிவுகள். பிரிவுக்கு 15 படங்கள். அவற்றுள் கலைப் பிரிவில், இரத்தம் குடித்து வாழும் காட்டேரிப் பிரபு ஒருவனின் கதையும் இடம்பெற்றிருந்தது. ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் 1922-இல் அளித்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் பேசாப் படமே அது. திருச்சபையின் அவையொன்று பேய்க்கதையைப் பரிந்துரைப்பதா என்று புருவம் உயர்த்தியோரும் உண்டு. நாமோ வேறொரு கேள்வியை இங்கே எழுப்ப விழைகிறோம். 'நோஸ்ஃபெராட்டு' என்று சொல்லும்போது, எந்த 'நோஸ்ஃபெராட்டு'வைச் சொல்கிறோம்?

கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இப்படத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதைவிட இயல்பான கேள்வி வேறில்லை. 'பிராணா ஃபிலிம்' என்ற நிறுவனம் இதைத் தயாரித்தது. உயிர்மூச்சைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லே அதன் பெயர். ஆயினும் அந்நிறுவனத்தின் மூச்சு இந்த ஒரே படத்தோடு அடங்கிப்போயிற்று. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' நாவலை உரிமை பெறாமலே படமாக்கியிருந்தனர். டிராகுலா பிரபு ஓர்லோக் ஆனார். இங்கிலாந்து, விஸ்போர்க் என்னும் கற்பனை ஜெர்மானிய நகராயிற்று. 1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்கியல் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி ஃபிளாரன்ஸ் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் நொடித்தது. 1925-இல் நீதிமன்றம், படத்தின் பிரதிகள் யாவும் அழிக்கப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கைம்பெண்ணின் வழக்கு நியாயமானதே. அதை நாம் மறக்கலாகாது.

ஆனால் தீர்ப்பு எட்டுமுன்னரே பல பிரதிகள் நாடு கடந்துவிட்டன. பிரெஞ்சு எழுத்து அட்டைகளுடன் ஒன்று, செக் நாட்டுக்கென ஒன்று, பின்னர் ஆங்கிலத்தில் ஒன்று என அவை சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் வசதிக்கேற்ப வெட்டினர், ஒட்டினர், பெயர் மாற்றினர். ஆங்கிலப் பிரதியில் ஓர்லோக் மீண்டும் டிராகுலா ஆனார். விஸ்போர்க் பிரேமன் ஆயிற்று. முர்னாவின் கையிலிருந்து வெளிவந்த மூல எதிர்ச்சுருள் இன்று உலகில் எங்கும் இல்லை. நம்மிடம் இருப்பவை சாட்சிகள் மட்டுமே.

குருமட நாட்களில் நாம் முதன்முதலாக இப்படத்தைக் கண்டது ஒரு வீடியோ கேசட்டில். முற்றிலும் கறுப்பு வெள்ளை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கதை முடிந்துவிட்டது. மனிதர்கள் எறும்புகள் போல விரைந்து நடந்தனர். காட்டேரிப் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர வீதியில் பட்டப்பகலில் நடந்து போவதைக் கண்டு நாங்கள் சிரித்தோம். ஆனால் இறுதிக் காட்சியில் அதே பிரபு கதிரவன் ஒளி பட்டவுடன் புகையாய் மறைகிறார். 'பகலெல்லாம் நடமாடியவனுக்கு இந்த வெயில் மட்டும் என்ன செய்தது?' என்று உடனிருந்த நண்பர் கேட்டார். விடை தெரியவில்லை. பழங்காலத்துப் பிழை என்று எண்ணி மறந்துவிட்டோம்.

பிழை படத்தினுடையதன்று, பிரதியினுடையது என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தோம். அக்காலத்தில் இரவுக் காட்சிகளையும் பகலிலேயே படம் பிடிப்பது வழக்கம். திரையிடும் பிரதியைப் பகுதி பகுதியாகச் சாயத் தொட்டியில் தோய்த்தெடுத்து நிறமேற்றுவர். பகலுக்கு மஞ்சள், இரவுக்கு நீலம், வைகறைக்கு இளஞ்சிவப்பு. நீலத்தைக் கண்டவுடன் இரவென்று மக்கள் அறிந்துகொண்டனர். பின்னாளில் படியெடுத்தோர் கறுப்பு வெள்ளைச் சுருளில் படியெடுத்தமையால் சாயம் முழுவதும் மறைந்தது. நீலம் போனதும் இரவு பகலாயிற்று; இளஞ்சிவப்பு போனதும் வைகறை வெறும் வெளிச்சமாயிற்று. ஒரு படச்சட்டம்கூட வெட்டப்படாமலே கதையின் உயிர்நாடி அறுந்துபோனது. ஏனெனில் இது ஒளியைப் பற்றிய கதை. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா ஆற்றல் குன்றியவராயினும் பகலில் நடமாடுகிறார். கதிரொளியே காட்டேரியை அழிக்கும் என்ற கருத்தைத் திரையில் நிலைநாட்டியது முர்னாவின் படந்தான். அந்த ஒளியைக் காணவொட்டாமல் செய்யும் பிரதி, படத்தையே காணவொட்டாமல் செய்கிறது.

வேகமும் அவ்வாறே. படத்தின் முதல் நீளம் 1,967 மீட்டர். நொடிக்கு 18 சட்டங்கள் என ஓட்டினால் ஏறத்தாழ 95 நிமிடம். பேசும் படங்களுக்குரிய 24 சட்டங்கள் என ஓட்டினால் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். நாம் சிரித்தது முர்னாவைப் பார்த்தன்று, தவறான வேகத்தைப் பார்த்தே.

இனிக் கதையின் உட்கருவுக்கு வருவோம். நாவலில் சிலுவையும் நற்கருணையும் காட்டேரியை விரட்டும் கருவிகள். பேராசிரியர் வான் ஹெல்சிங் திருவப்பத்தை நொறுக்கிப் பிசைந்து கல்லறைக் கதவின் இடுக்கில் பூசுகிறார். வாசித்த கத்தோலிக்கர் பலர் இவ்விடத்தில் நெளிந்திருப்பர். விருந்தாகத் தரப்பட்ட ஒன்று அங்கே மருந்துச் சாந்தாகிவிடுகிறது. முர்னாவின் படத்திலோ எவரும் சிலுவையை ஆயுதமாக நீட்டுவதில்லை. சிலுவை அங்கே வேறு இடங்களில் நிற்கிறது. கடற்கரை மணல்மேட்டுக் கல்லறையில் சாய்ந்து நிற்கும் சிலுவைகளின் நடுவே எல்லன் தன் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். கொள்ளைநோய் புகுந்த வீடுகளின் கதவுகளில் ஒருவன் சுண்ணக்கட்டியால் சிலுவைக் குறி இட்டுச் செல்கிறான். காத்திருப்போரின் அருகிலும் சாவோரின் வாசலிலும் சிலுவை இருக்கிறது.

மீட்பு எங்கிருந்து வருகிறது? பாவமறியாப் பெண் ஒருத்தி, எவரும் வற்புறுத்தாமல் தன் இரத்தத்தைத் தானே அளித்து, சேவலின் முதற்கூவலைக் காட்டேரி மறக்கும்படி செய்தால் ஊர் பிழைக்கும் என்று ஒரு பழைய நூலில் எல்லன் படிக்கிறாள். அந்நூலைத் தொடாதே எனக் கணவன் தடுத்திருந்தான். சன்னலுக்கு வெளியே சவப்பெட்டிகள் வரிசையாகத் தெருவில் சுமந்து செல்லப்படுவதைக் காண்கிறாள். அப்போது முடிவெடுக்கிறாள். மருத்துவரை அழைத்துவரச் சொல்லிக் கணவனை வெளியே அனுப்பிவிட்டுத் தனித்திருக்கிறாள். சேவல் கூவுகிறது. பேதுருவுக்கு மறுதலிப்பை நினைவூட்டிய அதே கூவல், இங்கே ஓர் அன்புச் செயல் நிறைவேறிவிட்டதை அறிவிக்கிறது. காட்டேரி மறைகிறான், கொள்ளைநோய் நிற்கிறது, எல்லன் கணவனின் கைகளில் சாகிறாள். நண்பருக்காக உயிரைக் கொடுக்கும் அன்பை வியாழன்தோறும் பெரிய வாரத்தில் தியானிக்கும் நமக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் நம் மனச்சான்றைச் சோதிக்கும் ஒரு பிரதி குறுக்கிடுகிறது. 1930-இல் 'பன்னிரண்டாம் மணி' என்ற பெயரில் ஒலி சேர்க்கப்பட்ட வடிவம் ஒன்று வெளிவந்தது. முர்னாவின் ஒப்புதல் அதற்கு இல்லை. அவர் பெயரும் அதில் இல்லை. காட்சிகளை இடம் மாற்றி முடிவை மகிழ்ச்சியானதாக்கினர். அத்துடன், முர்னாவ் எடுக்காத காட்சிகளைப் புதிதாகப் படம்பிடித்துச் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று, இறந்தோர்க்கான திருப்பலி. குருவாக நடிக்க ஒரு நடிகரையும் அமர்த்தினர்.

குருவாகிய நாம் மகிழ வேண்டாமா? பேய்க்கதையொன்றில் பலிபீடம் வந்துவிட்டதே! முதலில் இதை அறிந்தபோது உள்ளத்தின் ஒரு மூலையில் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நம் பங்கு மக்களுக்குக் காட்டுவதற்கு ஏற்றது இதுவே என்றுகூட எண்ணினோம். எண்ணிப் பார்க்கையில்தான் உண்மை புலப்பட்டது. எல்லனின் சாவை நீக்கிவிட்டுத் திருப்பலியைச் சேர்த்தால், பலியை எடுத்துவிட்டுப் பலிச் சடங்கை வைத்ததாகும். வெளித்தோற்றத்தில் பக்தி கூடிற்று. உள்ளீட்டில் நற்செய்தி குறைந்தது. பலிபீடமே இல்லாத முர்னாவின் படம், பலிபீடம் சேர்த்த படத்தைவிட நற்கருணைக்கு நெருங்கி நிற்கிறது என்பதே எம் துணிபு.

இறையியல் பயின்றோர்க்கு இவ்வகைச் சிக்கல் புதிதன்று. நற்செய்தியாளர் தம் கைப்பட எழுதிய ஏடு ஒன்றும் நம்மிடம் இல்லை, படிகளே உள்ளன. பாடபேதங்களை ஒப்பிடுகையில், எளிதான பாடத்தைவிடக் கடினமான பாடமே பெரும்பாலும் மூலமாயிருக்கும் என்பது அத்துறையின் பழைய விதி. கடினத்தை இளக்குவது படியெடுப்போர் இயல்பு. மகிழ்ச்சி முடிவும் அத்தகைய இளக்கலே.

இங்கே வாசகர் ஒருவர் எதிர்க்கேள்வி தொடுக்கலாம். மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்களும் பிற்சேர்க்கை என்கிறார்களே. 4-ஆம் நூற்றாண்டின் வத்திக்கான், சீனாய் ஏடுகள் இரண்டும் பெண்கள் அஞ்சி ஓடுவதோடு 16:8-இல் முடிகின்றனவே. அச்சேர்க்கையைத் திருச்சபை ஏற்கவில்லையா? ஏற்றது. புனித மாற்குவின் விழாவன்று அதிலிருந்தே வாசிக்கிறோம். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. அந்தச் சேர்க்கை சிலுவையைத் துடைத்து அழிக்கவில்லை. உயிர்த்தவரின் பணியை நம் தோள்மேல் ஏற்றுகிறது. அன்றியும், திருச்சபை எதையும் மறைக்கவில்லை. அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இட்டு, பழைய ஏடுகளில் இப்பகுதி இல்லை என்று நம் விவிலியப் பதிப்புகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. மூலமொழிகளையும் பாட ஆய்வையும் நாடுமாறு திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1943-இல் விவிலியம் பற்றிய தம் சுற்றுமடலில் ஊக்குவித்தார். விசுவாசம் உண்மைக்கு அஞ்சுவதில்லை.

இதே நேர்மையை இப்படத்தின் மீட்பாளர்களிடமும் காண்கிறோம். மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் என்னோ பத்தாலாஸ் 1980-களில் இப்பணியை முன்னெடுத்தார். பின்னர் லூசியானோ பெரியத்துவா முர்னாவ் அறக்கட்டளைக்காக 2005-06-இல் புதிய மீட்டுருவை உருவாக்கினார். பாரிஸ் திரைப்படக் காப்பகத்தில் இருந்த, 1922-ஆம் ஆண்டின் சாயமேற்றிய பிரெஞ்சுப் பிரதி அதற்கு அடிப்படை. அதில் இல்லாத காட்சிகளைச் செக் பிரதிவழி வந்த 1939-ஆம் ஆண்டுப் படியிலிருந்து எடுத்தனர். எழுத்து அட்டைகளில் பெரும்பாலானவை 1962-ஆம் ஆண்டுப் படியொன்றில் கிடைத்தன. கிடைக்காதவற்றைப் புதிதாக வரைந்தபோது, ஒவ்வொன்றின் மூலையிலும் அறக்கட்டளையின் முதலெழுத்துகளைப் பொறித்தனர். 'இது எம் கை வேலை, முர்னாவுடையதன்று' என்ற ஒப்புதல் அது. விவிலியத்தின் அடைப்புக்குறிக்கு ஒப்பான அச்சிறு குறியைத் திரையில் கண்டபோது நாம் நெகிழ்ந்தோம்.

இம்மீட்டுரு 94 நிமிடம் ஓடுகிறது. ஹான்ஸ் எர்ட்மன் அன்று அமைத்த இசையும் மறுஆக்கம் செய்யப்பட்டு உடன் ஒலிக்கிறது. 2007 முதல் டி.வி.டி. வட்டுகளிலும், 2013 முதல் புளூ-ரே வட்டுகளிலும் இது கிடைக்கலாயிற்று. ஆயினும் நிறமற்ற, விரைந்தோடும், பெயர் மாறிய பழைய படிகளும் அதே தலைப்பில், அதே அச்சமூட்டும் அட்டைப்படத்துடன் விற்பனையாகி வந்துள்ளன. உள்ளே எந்தப் பிரதி என்பதை அட்டை சொல்லாவிடில், வாங்குவோர் எவ்வாறு அறிவர்? ஆகவே பங்கு இளைஞருக்கோ குருமட மாணவருக்கோ காட்ட விழைவோர் மூன்றைப் பார்த்துக்கொள்க: நிறம் உண்டா, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறதா, மீட்டுருவாக்கியோர் பெயர் உண்டா. இம்மூன்றும் இருந்தால் விடியல் உண்டு.

முடிக்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். மேலே நாம் கடிந்துகொண்ட 'பன்னிரண்டாம் மணி'யின் பிரதியொன்றும் பாரிஸில் தப்பிப் பிழைத்திருந்தது. வேறெங்கும் இல்லாத முர்னாவின் சில காட்சிகள் அதில் கிடைத்தன. 2006-இன் மீட்டுரு அவற்றையும் நன்றியோடு எடுத்துச் சேர்த்திருக்கிறது. திரித்த கையே தன்னையறியாமல் மூலத்தின் சிதறல்களைக் காத்து வைத்திருந்தது. அன்றே யாரேனும் வைராக்கியத்தோடு அந்தப் போலியை எரித்திருந்தால், மெய்யின் ஒரு பகுதியும் சேர்ந்தே எரிந்திருக்கும். கோதுமைக்கு நடுவே களைகளைக் கண்ட பணியாளர் பிடுங்கத் துடித்தபோது, அறுவடைவரை பொறுங்கள் என்று தடுத்த தலைவரின் சொல் நம் நினைவுக்கு வருகிறது. களை களைதான், அதைக் கோதுமை என்று விற்கலாகாது. ஆனால் பிரித்தறியும் பொறுமை வேண்டும்.

அண்மையில் நீலமும் இளஞ்சிவப்பும் திரும்பி வந்த படத்தை மீண்டும் பார்த்தோம். ஓர்லோக் தன் பெட்டியைச் சுமந்து வீதியில் நடந்தபோது இம்முறை சிரிப்பு வரவில்லை. அது இரவு என்று தெரிந்தது. இரவு என்று தெரிந்ததால், சேவல் கூவியபோது விடிந்தது என்றும் தெரிந்தது.