தையலறியாத ஆடைக் கலைஞர்: எல்சா ஸ்கியாபரெல்லியின் ஆக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலைஞர் ஒருவர் எவரிடமும் பயிலாது தாமே கற்றுத் தேர்ந்தவர் எனக் கூறப்படும்போது, அக்கூற்றைப் பாராட்டாகக் கொள்வதே வழக்கம். அவர் எதைக் கற்றார், எதைக் கற்காமல் விட்டார், அவர் கற்காமல் விட்டதைச் செய்து முடித்த கைகள் யாருடையவை ஆகிய வினாக்கள் அப்பாராட்டினுள் அமிழ்ந்துவிடுகின்றன. இத்தாலியிற் பிறந்து பாரிசிற் குடியேறி, 1930களில் அந்நகரின் ஆடைக்கலையில் முன்னணி இடத்தைப் பெற்ற எல்சா ஸ்கியாபரெல்லி (1890–1973) பற்றிய மதிப்பீடுகளிலும் இக்குறை உண்டு. அவரது ஆக்கங்களின் சிறப்பையும் தளர்ச்சியையும் ஒருங்கே விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் இவ்வினாக்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

1954இல் வெளிவந்த தமது சுயசரிதையில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். இளமையில் பாரிஸ் வழியாக இலண்டனுக்குச் செல்லும்போது நடன விருந்தொன்றுக்கு அழைக்கப்பட்டார். உடுத்துச் செல்ல ஏற்ற ஆடை இல்லை. கருநீலப் பட்டுத் துணியை வாங்கி, வெட்டாமலும் தைக்காமலும் உடலிற் சுற்றி ஊசிகளாற் குத்திக்கொண்டு சென்றார். ஆடத் தொடங்கியதும் ஊசிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. இதனை அவர் வேடிக்கையாகவே சொல்லிச் செல்கிறார். எனினும் அவரது தொழில் வாழ்வு முழுவதற்கும் இதனை ஒரு குறியீடாகக் கொள்ளலாம். துணி உடலில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. அது கழன்று விழாமல் நிற்பதற்கான வழியோ தெரிந்திருக்கவில்லை.

தையல் கற்கவில்லை என்பது கல்வியே பெறவில்லை என்றாகாது. உரோமாபுரியின் கோர்சினி மாளிகையிற் பிறந்த அவருக்குத் தந்தை அறபு மொழி அறிஞர். பெரிய தந்தையோ செவ்வாய்க் கிரகத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற வானியலாளர் ஜியோவன்னி ஸ்கியாபரெல்லி. 1911இல் அவர் வெளியிட்ட கவிதை நூல் குடும்பத்தைத் திகைக்கவைக்க, அவர் கன்னியர் மடமொன்றுக்கு அனுப்பப்பட்டார். உண்ணாநோன்பிருந்தே அங்கிருந்து மீண்டார். பின்னர் 1914இல் இலண்டனில் திருமணம், 1916இல் நியூயோர்க் பயணம், கணவரின் கைவிடல், நோயுற்ற மகள், 1922இல் பாரிஸ். பணமின்றி வந்தார் என்பது மெய்யே. ஆயின் மாளிகை நூலகத்தில் வளர்ந்த ஒருவர் பணமின்றி வருவதும், கையில் ஒன்றுமின்றி அகதி ஒருவர் வருவதும் ஒன்றல்ல.

அவ்வேறுபாடு அவரது முதல் வெற்றியிலேயே வெளிப்படுகின்றது. 1927இல் அவருக்குப் புகழ் தேடித்தந்தது ஒரு கறுப்பு நிறச் சுவெட்டர். கழுத்தில் வெள்ளை நாடாவினாற் கட்டிய முடிச்சொன்று தொங்குவது போன்ற தோற்றம் அதில் உண்டு. உண்மையில் அங்கு நாடாவும் இல்லை, முடிச்சும் இல்லை. எல்லாம் பின்னலிலேயே அமைந்த கண்மயக்கு. அதனை வரைந்தவர் ஸ்கியாபரெல்லி. பின்னியவர் பாரிசில் வாழ்ந்த ஆர்மேனியப் பெண்ணொருவர். 1915இன் படுகொலைகளைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான ஆர்மேனியர் பிரான்சில் அடைக்கலம் புகுந்த காலம் அது. கறுப்பு இழையின் பின்னால் வெள்ளை இழையை ஓடவிட்டு இரண்டையும் பிணைக்கும் அப்பெண்ணின் பின்னல் முறையால், சாதாரணச் சுவெட்டர்களைப் போல அது இழுபட்டுத் தொங்கவில்லை. ஸ்கியாபரெல்லி கேட்டபடி முடிச்சு அமைவதற்கு ஒருமுறைக்கு மேல் முயலவேண்டியிருந்தது. எண்ணம் ஒருவருடையது, வடிவம் நிற்பதற்குக் காரணமான நுட்பம் மற்றவருடையது. இருவரும் குடியேறியவர்களே. ஒருவருடைய பெயர் கடை வாயிலில் ஏறியது; மற்றவரின் கை கடையின் உள்ளே நின்றது.

இதனைக் கொண்டு ஸ்கியாபரெல்லியின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. தொழில் மரபு தெரிந்தவர் எவரும் கனவிலும் கருதியிராதவற்றை அவர் செய்தார். மறைக்கப்பட வேண்டியதெனக் கருதப்பட்ட சிப்பை 1935இல் மாலை ஆடைகளில் வெளிப்படையாகத் தைப்பித்தார். தம்மைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் வெளியான பத்திரிகை நறுக்குகளை அதே ஆண்டில் துணியில் அச்சிட்டார். வசையையும் விலைக்கு விற்ற அத்துணிவு மரபினுள் வளர்ந்தவர்க்கு எளிதில் வாய்ப்பதன்று. 1931இல் லிலி டி அல்வாரெஸ் விம்பிள்டன் ஆடுகளத்தில் அணிந்து கண்டனத்துக்குள்ளான இருகாற் பாவாடையும் அவருடையதே.

மிகையதார்த்தவாத ஓவியர் சல்வடோர் டாலியுடன் இணைந்து அவர் ஆக்கியவையே இன்று பெரிதும் பேசப்படுகின்றன. அவையனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வது விமர்சனமாகாது. 1937இன் சிங்க இறால் ஆடை பரவலாக அறியப்பட்டது. வெண்ணிறப் பாவாடையில் டாலி வரைந்த சிவந்த சிங்க இறால். வின்ட்சர் கோமகளாகவிருந்த வாலிஸ் சிம்ப்சன் அதனை அணிந்து சிசில் பீட்டனின் புகைப்படக் கருவிக்கு முன் நின்றமையால் அதன் புகழ் மேலும் பெருகிற்று. ஆயினும் அங்கு ஆடை வெறும் சுவராகவே நிற்கின்றது. இறாலை அகற்றிவிட்டால் எஞ்சுவது அழகிய, ஆனால் வழக்கமான ஒரு கோடைக்கால ஆடை.

1938இன் 'கண்ணீர் ஆடை' இதனின் முற்றாக வேறுபட்டது. ஆடையில் காணப்படும் கிழிசல்கள் அச்சிடப்பட்டவை. அதனோடு அணியும் தலைத்துகிலிலோ துணி உண்மையிலேயே வெட்டப்பட்டுத் தொங்குகின்றது. பொய்க் கிழிசலும் மெய்க் கிழிசலும் அருகருகே நிற்க, பார்ப்பவர் துணியைக் காண்கிறாரா, உரிந்த தோலைக் காண்கிறாரா என மயங்குகிறார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த, பெரும்போர் அண்மித்த வேளையில், செல்வர் மாளிகையின் விருந்துக்கு அணிந்து செல்வதற்கென இது ஆக்கப்பட்டது என்பதை நினைக்க அதன் கூர்மை மிகுகின்றது. அதை வாங்கியவர்கள் அக்கூர்மையை உணர்ந்தார்களா என்பது வேறு விடயம். அதே ஆண்டின் 'எலும்புக்கூட்டு ஆடை'யிலும் விலா எலும்புகள் வரையப்படவில்லை. இரு துணிகளைக் கோட்டுருவிற் சேர்த்துத் தைத்து, இடையே பஞ்சடைத்துப் புடைக்கச் செய்யப்பட்டுள்ளன. கண்மயக்கை அச்சுக்கு மட்டும் விட்டுவிடாது துணியையும் ஊசியையும் எண்ணத்தோடு சேர்ந்து உழைக்கச் செய்தவிடத்தே அவரது கலை உயர்கின்றது. லெசாஜ் பூவேலைக் கூடத்தினர் இராசிகளையும் கோள்களையும் இழைத்த நீல நிறச் சட்டையும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. வானியலாளர் வீட்டுப் பெண் தன் குழந்தைப் பருவத்தை மீட்டெடுத்த இடம் அது.

போட்டியாளரான கொக்கோ ஷனெல், ஆடை செய்யும் அந்த இத்தாலிய ஓவியர் என்ற பொருள்பட இவரை ஏளனஞ் செய்ததாகச் சொல்லப்படுவதுண்டு. அச்சொல்லில் அந்நியர் மீதான காழ்ப்பும் உண்டு, தொழிலறிவு பற்றிய ஓர் உண்மையும் உண்டு. 1941இல் நியூயோர்க் சென்ற ஸ்கியாபரெல்லி 1945இல் பாரிசுக்கு மீண்டபோது இரசனை மாறிக்கொண்டிருந்தது. 1947இல் கிறிஸ்ரியன் டியோர் அறிமுகஞ் செய்த ஒடுங்கிய இடையும் அகன்ற பாவாடையுங் கொண்ட பாணி, துணியை உள்ளிருந்து கட்டியெழுப்பும் நுட்பத்தையே முதன்மையாக வேண்டி நின்றது. மேற்பரப்பில் நிகழும் அங்கதத்துக்கு அங்கு அதிக இடமிருக்கவில்லை. போரின் உண்மையான எலும்புக்கூடுகளைக் கண்டு மீண்ட ஐரோப்பாவுக்குப் பஞ்சடைத்த விலா எலும்பு முன்போல் அதிர்ச்சியளித்திருக்கவும் முடியாது. 1954இல் அவரது ஆடையகம் மூடப்பட்டது. இளமையிற் கூலிக்குத் தையல் வேலை செய்த ஷனெல், எழுபது வயதில் தமது ஆடையகத்தை மீண்டும் திறந்ததும் அதே ஆண்டிலேதான்.

ஸ்கியாபரெல்லி தம்மிடமிருந்த ஆடைகள் பலவற்றை 1969இல் பிலடெல்பியா கலை அரும்பொருளகத்துக்கு வழங்கினார். நாடா முடிச்சுச் சுவெட்டர்களில் ஒன்று இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்தில் உள்ளது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த முடிச்சின் உருவம் குலையவில்லை.